நொண்டக்கூடாத கால்

போன மாதம் வெள்ளவத்தையில் என் வீட்டுப் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன். மகள் ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மீசை இன்னும் சரியாக முளைக்காத ஒரு டொக்டர், என் காலைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்.

"எப்பிடி நடந்தது அங்கிள்?"

"பாத்ரூமில வழுக்கி விழுந்திட்டன்."

சொல்லி முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கால் விண் விண் என்று வலிக்க, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தேன். டொக்டர் மகளைப் பார்த்து, "தலையிலயும் அடிபட்டதோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தலைக்கு ஒண்டுமில்லை தம்பி. நான் உண்மையைச் சொல்லிப்போட்டன். அதுதான் சிரிக்கிறன்," என்றேன். அவருக்கு விளங்கவில்லை. என் மகளுக்கும் விளங்கவில்லை. விளங்கக்கூடிய ஆட்களில் பாதிப்பேர் கனடாவில் இருக்கிறார்கள், மீதிப்பேர் இப்போது இல்லை.

சுண்டுவிரலுக்குப் பின்னால் உள்ள எலும்பில் மயிர்க் கனத்தில் ஒரு வெடிப்பு. சீ.டி. ஸ்கேன் செய்து, காலைத் திருப்பித் திருப்பித் திரையில் காட்டினார்கள். நான் எக்ஸ்ரே பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்று மகள் சொல்லிவிட்டாள் போல. அந்த டொக்டர் பின்னேரம் வந்து கட்டிலருகே நின்று, "இந்த மெஷின் ஒண்டும் இல்லாத காலத்தில பாதத்தில வாற காயங்களை எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்க?" என்று கேட்டார். கொஞ்சம் சொன்னேன். "எழுதுங்கோவன் அங்கிள்," என்றார். கால் நீட்டிக்கொண்டு இருப்பவனுக்கு வேறு என்ன வேலை? எழுதுகிறேன்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலேறி வந்து, கொழும்பில் எக்ஸ்ரேத் தொழில் படித்தேன். எலும்புகளின் பெயர்களை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தேன். சிங்களத்தை நோயாளிகள் படிப்பித்தார்கள். வலி வந்தால் மனிதன் முதலில் தூஷணம்தான் சொல்வான் என்பதால், என் சிங்களம் அந்தப் பக்கத்தில்தான் முதலில் வளர்ந்தது.

வேலை கிடைத்தது துறைமுகத்துக்குப் பக்கத்தில், கொட்டாஞ்சேனையில் இருந்த ஒரு ஆஸ்பத்திரியில். பெயர் வேண்டாம். கப்பலில் மூட்டை இறக்குகிறவர்கள், புறக்கோட்டையில் கைவண்டி தள்ளுகிறவர்கள், முகத்துவாரத்து மீன்காரர்கள் எல்லாரும் அங்கேதான் வருவார்கள். இவர்களுடைய கால்களைத்தான் நான் வாழ்நாள் முழுவதும் படம் பிடித்தேன். கைகளையும் பிடித்தேன், ஆனால் கால்கள்தான் அதிகம்.

எனக்கென்று ஒரு இருட்டறை இருந்தது. சிவப்பு பல்ப் ஒன்று, மருந்துத் தொட்டிகள் இரண்டு, படத்தை மாட்டிக் காயவிட ஒரு கம்பி. அந்த மருந்தின் புளிப்பு வாசனை என் சட்டையிலும் ஏறியிருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் மூக்கைச் சுளிப்பார், எனக்கோ அது ஊதுபத்தி மணம். தொட்டிக்குள் படத்தை ஆட்டிக்கொண்டிருக்க, ஒன்றுமில்லாத தாளில் ஒரு பாதம் மெல்ல மெல்ல எழுந்து வரும். எத்தனை வருஷம் பார்த்தாலும் அது எனக்கு அலுக்கவில்லை. இன்றைக்குப் பொத்தானை அமத்தினால் படம் வந்து நிற்கிறது. நல்லதுதான். ஆனாலும் அந்த இருட்டறை எனக்கு வேண்டியிருக்கிறது.

எங்கள் எலும்பு சேர்ஜன் டொக்டர் ரணவீர. தெற்குப் பக்கத்துச் சிங்களவர், ஒல்லியான நெடுத்த மனிதர், நாற்காலியில் இருந்து நான் கண்டதில்லை. கனகசபை என்ற என் பெயரை வெட்டி, "கனகா! கனகா!" என்று வராந்தா முழுக்கக் கேட்கக் கூப்பிடுவார். அது பொம்பிளைப் பெயர் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப உன்ர அப்பாவோட போய்க் கோவிச்சுக்கொள்," என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு மறுபடியும் கனகா என்றே கூப்பிட்டார். தமிழ் நர்ஸ்மார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பாதத்தில் அடிபட்டு யார் வந்தாலும், எனாமல் பேசினில் வெந்நீர் கொண்டுவரச் சொல்லி, தரையில் ஒரு காலில் மண்டியிட்டு, சோப்புப் போட்டுத் தானே கழுவுவார். அட்டென்டன் கழுவினால் ஒப்பமாட்டார். கழுவும்போதே விரல்கள் வேலை செய்துகொண்டிருக்கும். மேற்பாதத்தில் நாடி துடிக்கிறதா, விரல்களில் உணர்ச்சி இருக்கிறதா, எந்த இடத்தைத் தொட்டால் முகம் சுளிக்கிறது, எல்லாவற்றையும் அந்தச் சோப்பு நுரைக்குள்ளேயே பார்த்துவிடுவார். கடைசியில் பாதத்தைத் தூக்கி உள்ளங்காலைப் பார்ப்பார். "காலை மேலிருந்து பார்க்கிறவன் செருப்பு விற்கிறவன். டொக்டர் என்றால் கீழே பார்க்கவேண்டும்," என்று பயிற்சிக்கு வரும் டொக்டர்களைச் சீண்டுவார்.

இனி அந்த யுத்த வருஷங்களைச் சொல்லவேண்டும். கொழும்பில் இருந்த தமிழ் ஆட்களுக்கு அப்போது பயம் சாப்பாட்டோடு சேர்ந்து உள்ளே போனது. எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மேசையைப் போட்டு இரண்டு பொலிஸ்காரர்கள் இருப்பார்கள். காயத்தோடு வருகிற ஒவ்வொருவரையும், எங்கே பட்டது, எப்படிப் பட்டது என்று கேட்பார்கள். ஆகவே தமிழ் ஆட்கள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "பாத்ரூமில வழுக்கி விழுந்தது." பஸ்ஸிலிருந்து தள்ளப்பட்டு விழுந்தவர், சுற்றிவளைப்பில் அடி வாங்கியவர், குண்டு வெடித்த இடத்திலிருந்து ஓடினவர் எல்லாருக்கும் பாத்ரூம்தான். அந்தக் காலத்துக் கொட்டாஞ்சேனைப் பாத்ரூம்களைப் போல ஆபத்தான இடம் உலகத்திலேயே இருந்திருக்காது.

சிரிக்கலாம். ஆனால் இதில் ஒரு பெரிய கரைச்சல் இருந்தது. எப்படி விழுந்தான் என்று தெரிந்தால்தான் எது உடைந்திருக்கும் என்று டொக்டருக்குத் தெரியும். பாத்ரூமில் வழுக்கியவனுக்குக் கணுக்கால் பிரளும். கணுக்காலைப் படம் எடுப்போம், அது நன்றாக இருக்கும், சுளுக்கு என்று சொல்லிக் கட்டி அனுப்பிவிடுவார்கள். உடைந்தது வேறெங்கோ கிடந்து கோணிக்கொண்டு போகும். பொய்க்குத்தான் மருந்து கட்டினோம்.

இன்னொன்றும் இருந்தது. காயம் ஆறிய பிறகு நொண்டினால் என்ன ஆகும்? வேறு நாட்டில் என்றால் நொண்டுகிறவனுக்கு இரக்கப்பட்டு வழி விடுவார்கள். எங்களுடைய வீதிகளில் ஒரு தமிழ் இளைஞன் நொண்டினால், இவன் எந்தச் சண்டையில் காயப்பட்டான் என்று செக் பொயின்டுக்குச் செக் பொயின்ட் இறக்கி வைப்பார்கள். நொண்டல் ஒருவனை எங்கே கொண்டுபோய் விடும் என்று ஒருவருக்கும் தெரியாது.

இந்த நிலையில்தான் சவரிமுத்து வந்தான். கொட்டாஞ்சேனையில் ஒரு தையல் கடையில் கால் மெஷின் மிதிக்கிற பெடியன், இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அவனுடைய அக்கா ரீத்தா தோளில் தாங்கிக்கொண்டு வந்தாள். வந்ததும் வராததுமாக அவள்தான் தொடங்கினாள்.

"தம்பி பாத்ரூமில விழுந்திட்டான் ஐயா. நான் உடுப்புத் தோய்ச்சிட்டு சோப்ப கீழ வச்சிட்டன். இவன் பாக்காம கால வச்சு, சர்ரெண்டு போய், வாளியில இடிச்சு…"

வாளியின் நிறத்தைக்கூடச் சொன்னாள். நான் எல்லாவற்றையும் டொக்டருக்குச் சிங்களத்தில் சொன்னேன். அவர் வாளி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

விழுந்து ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது. முதலில் வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறார்கள். அங்கேயும் சோப்பு, வாளி. அங்கே எடுத்த கணுக்கால் படத்தை ரீத்தா தலையணை உறைக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். நல்ல படம், கணுக்காலில் ஒரு பிழையும் இல்லை. பிறகு ஹெந்தளைப் பக்கம் ஒரு முறிவு வைத்தியரிடம் போய் மூலிகைப் பத்துப் போட்டிருக்கிறார்கள். அவரைக் குறை சொல்லமாட்டேன், அவருக்கும் இந்த வாளிக் கதைதான் கிடைத்திருக்கும். பத்தும் எண்ணெயும் காய்ந்து, முழங்காலுக்குக் கீழே கால் முழுவதும் கறுப்பும் பச்சையுமாய் இருந்தது. வீக்கம் மட்டும்தான் தெரிந்தது.

"வெந்நீர்," என்றார் டொக்டர்.

அவர் தரையில் மண்டியிட்டு, சவரிமுத்துவின் காலைப் பேசினுக்குள் வைத்துத் தேய்க்கத் தொடங்கினார். ரீத்தா அப்போதும் வாளியைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் அவள் குரல் நின்றுபோனது. திரும்பிப் பார்த்தேன். நரைத்த தலையைக் குனிந்துகொண்டு ஒரு பெரிய சேர்ஜன் தன் தம்பியின் காலைக் கழுவுவதை அவள் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். கோயிலில் பெரிய வியாழக்கிழமை பூசையில் பாதர் இப்படித்தான் சபையாரின் கால்களைக் கழுவுவார். அவளுக்கு அதுதான் நினைவுக்கு வந்திருக்கவேண்டும், நெற்றியில் சிலுவை போட்டாள். பிறகு அழத் தொடங்கினாள்.

"ஐயா, பொய் சொல்ல ஏலாது ஐயா. உண்மையில நடந்தது என்னெண்டா, அண்டைக்குக் கடைக்கு…"

நான் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கதவுக்கு வெளியே, பத்தடி தூரத்தில், பொலிஸ்காரரின் சப்பாத்துத் தெரிந்தது. அவருக்குத் தமிழ் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியாது. டொக்டருக்குத் தமிழ் அரைகுறை. ஆனாலும் அழுகையின் பாஷை அவருக்கு விளங்கியது. சோப்பு நுரை வழிகிற கையைத் தூக்கி அவளை நிறுத்தினார்.

"எங்கே என்று நான் கேட்கவில்லை என்று சொல்லு கனகா. ஏன் என்றும் கேட்கவில்லை. நிலத்தில் படும்போது கால் எப்படி இருந்தது, அதை மட்டும் அவன் கையால் காட்டட்டும்."

நான் சொன்னேன். சவரிமுத்து என்னைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். பிறகு வலது கையை நீட்டி, விரல் நுனிகள் கீழே பார்க்க, கட்டிலில் குத்தென்று இறக்கினான். விரல்கள் மடங்க, உள்ளங்கை வளைய, கையின் முழுப் பாரமும் அதன்மேல் வந்தது. பிறகு கையைக் கொஞ்சம் வெளிப்பக்கம் முறுக்கினான்.

"ஹரி," சரி என்று சிங்களத்தில் சொன்னார் டொக்டர். பாதத்தைத் துடைத்து, உள்ளங்காலைத் திருப்பி எனக்குக் காட்டினார். கழுவிய தோலில், பாதத்தின் வளைவு நடுவே, கன்றிப்போன ஒரு அடையாளம். ஓரங்களில் மஞ்சள் பிடிக்கத் தொடங்கியிருந்தது. எண்ணெயும் பத்தும் அதை அத்தனை நாளும் மூடிவைத்திருந்தன. "இது சுளுக்கு இல்லை. நடுப்பாதம் பிரிந்திருக்கிறது. நிற்கவைத்துப் படம் எடு."

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். பெருவிரலின் நீட்டெலும்பையும் அடுத்த விரலின் நீட்டெலும்பையும் பின்னால் உள்ள சிறிய எலும்புகளோடு கட்டிவைத்திருக்கிற நார்கள் உண்டு. காலை நுனியில் ஊன்றி உயரத்திலிருந்து விழுந்தால் அவை அறும். ஆனால் படுக்கவைத்துப் படம் எடுத்தால், பாரம் இல்லாதபடியால், எலும்புகள் நல்ல பிள்ளைகளாகத் தத்தம் இடத்தில் போய் இருந்துவிடும். எழுந்து நின்று பாரம் கொடுத்தால்தான் குட்டு வெளிப்படும்.

அதற்காக எங்கள் தச்சரிடம் சொல்லி ஒரு பலகைப் பெட்டி செய்து வைத்திருந்தேன். கீழே ஒரு இடுக்கு, அதற்குள் படத்தட்டைச் செருகலாம். மேலே நோயாளி இரண்டு காலையும் வைத்து நிற்பார். நல்ல காலையும் சேர்த்து எடுத்தால்தான் ஒப்பிட முடியும். கஷ்டம் என்னவென்றால், வலிக்கிற காலில் யாரும் பாரம் கொடுக்கமாட்டார்கள். சவரிமுத்துவும் முழுப் பாரத்தையும் நல்ல காலில் போட்டுக்கொண்டு கொக்கு மாதிரி நின்றான்.

"தம்பி, பூசையில சுவிசேஷம் வாசிக்கேக்க எப்பிடி நிப்பீர்? அப்பிடி நில்லும்."

"வலிக்குது சேர்."

"தெரியும். நான் ஒண்டு சொன்னாப் பிறகு, ரெண்டு மூச்சுக்குத்தான்."

டொக்டர் ஈயக் கவசத்தைப் போட்டுக்கொண்டு அவன் பின்னால் நின்று இடுப்பைப் பிடித்தார். சவரிமுத்து பல்லைக் கடித்து இரண்டு காலிலும் நிமிர்ந்தான். அவன் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டிப் பலகையில் விழுந்தது. நான் பொத்தானை அமத்தினேன்.

இருட்டறையில் படம் எழும்பி வந்தபோது ஈரம் சொட்டச் சொட்டத் தூக்கிப் பார்த்தேன். இடது பாதத்தில் அந்த இரண்டு எலும்புகளும் ஒட்டிக்கொண்டு நின்றன. வலது பாதத்தில் நடுவே ஒரு வாசல் திறந்திருந்தது. வாசலின் நடுவில் அரிசிக் குறுணல் போல ஒரு எலும்புத் துண்டு. காய்வதற்குக்கூடப் பொறுக்காமல் வெளியே கொண்டு ஓடினேன்.

டொக்டர் சவரிமுத்துவுக்கு ஒன்றையும் ஒளிக்கவில்லை. மாக்கட்டு மட்டும் போட்டால் எலும்பு கோணலாகப் பொருந்தும், வாழ்நாளுக்கும் நொண்டவேண்டும். வெட்டித் திறந்து எலும்பை இடத்தில் வைத்து, கம்பி குத்தினால் நேராக நடக்க வாய்ப்புண்டு, ஆனால் நாள் பிந்திவிட்டபடியால் உறுதி சொல்லமுடியாது. ஒப்பரேஷன் என்றால் வார்டில் சேர்க்கவேண்டும். வார்டில் சேர்த்தால் வாசல் மேசைக்குத் தெரியவேண்டும்.

"மெஷின் மிதிக்க ஏலுமா சேர்?" என்று கேட்டான் சவரிமுத்து.

ரீத்தா அவனை இடைமறித்தாள். "மெஷின் கிடக்கட்டும். இவன் நொண்டாம ரோட்டில போய் வந்தாப் போதும் ஐயா. எனக்கு அது போதும்."

நான் அதை மொழிபெயர்த்தேன். டொக்டர் படத்தை மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "நொண்டக்கூடாது," என்று தமிழிலேயே சொன்னார். அந்த ஒரு சொல்லை எங்கே பிடித்தார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

வாசலில் இருந்த பொலிஸ்காரர் எழுதுவதற்குப் பேனாவைத் திறந்துகொண்டு வந்தார்.

"என்ன நடந்தது டொக்டர்?"

"விழுந்திருக்கிறான்."

"எங்கேயிருந்து?"

"மேலேயிருந்து கீழே. வேறு எப்படி விழுவார்கள்?"

பொலிஸ்காரருக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை. அவருடைய மாமியாரின் இடுப்பெலும்பை டொக்டர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சிரித்துவிட்டுப் போனார்.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிறகு மாக்கட்டு, கக்கத்தில் தடிகள், காலை நிலத்தில் ஊன்றக்கூடாது என்ற கட்டளை. கம்பிகளை இழுத்தெடுத்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. டொக்டர் ரணவீர அவனை வராந்தாவில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்கவிடுவார். தான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். பார்க்கமாட்டார், செருப்புச் சத்தத்தைக் கேட்பார். ஒரு அடி பலமாகவும் ஒரு அடி மெலிதாகவும் கேட்டால், "ஆயெத்," என்பார். மறுபடியும் நட என்று அர்த்தம். சவரிமுத்து உள்ளுக்குள் அவரைத் திட்டியிருப்பான், எனக்கே சில நாட்களில் கோபம் வந்தது. மற்ற நோயாளிகள் கூட்டமாகக் காத்திருப்பார்கள். இவர் கண்ணை மூடி நின்றுகொண்டு, "ஆயெத், மல்லி, ஆயெத்," என்பார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

கடைசியாக அவன் வந்தது ஒரு காலை நேரம். டொக்டர் அவனை வலது காலில் மட்டும் நிற்கவைத்து, குதியைத் தூக்கி நுனிவிரலில் எழும்பச் சொன்னார். எழும்பினான். கால் நடுங்கியது, ஆனால் எழும்பினான். பிறகு நடக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். டப், டப், டப் என்று ஒரே மாதிரிச் சத்தம். போய் வந்தான். டொக்டர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

"கனகா, அந்தப் பாத்ரூம் எவ்வளவு உயரம் என்று கேள்."

நான் கேட்டேன். சவரிமுத்துவின் முகம் வெளுத்தது. பிறகு டொக்டரின் சிரிப்பைப் பார்த்தான். கையைத் தன் தலைக்கு மேலே ஒரு முழம் தூக்கிக் காட்டினான்.

"கடைக்குப் பின்மதில் சேர். சுற்றிவளைச்சாங்க. அடையாள அட்டை வீட்டில கிடந்திச்சு. பயத்தில பாஞ்சிட்டன். நிண்டவங்கள எல்லாம் பின்னேரமே விட்டுட்டாங்க. நான் ஒண்டும் செய்யல்ல சேர். ஓடினது மட்டும்தான்."

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். டொக்டர் தேவையில்லை என்று தலையசைத்தார். சவரிமுத்துவின் தோளில் தட்டிப் போகச் சொன்னார். ரீத்தா வராந்தாவில் நின்றாள். இரண்டு பேரும் வாசலை நோக்கி நடந்தார்கள். நாங்கள் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்னுடைய மல்லியும் மதில் பாய்ந்தவன்தான்," என்றார் டொக்டர், என்னைப் பார்க்காமல். "தெற்கில் கிளர்ச்சிக்காரர் என்று ஆமி சிங்களப் பெடியன்களைத் தேடித் தேடிப் பிடித்த வருஷம். காலில் இதே காயம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பயந்து அம்மா வீட்டிலேயே எண்ணெய் பூசி வைத்திருந்தாள். பக்கத்து வீட்டாருக்குக் கிணற்றடியில் வழுக்கி விழுந்தான் என்று சொன்னாளாம். நான் இங்கிலாந்தில் எலும்புப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். கால் கோணிப் பொருந்திவிட்டது. பிறகு ஒரு நாள் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டிருக்கிறார்கள். நேராக நடந்தவர்களைப் போகச் சொன்னார்கள். நொண்டினவனை நிறுத்திக்கொண்டார்கள்."

"பிறகு?" என்று கேட்டேன்.

"பிறகு இல்லை."

அந்த நேரம் சவரிமுத்து பொலிஸ் மேசையைத் தாண்டிக்கொண்டிருந்தான். டொக்டர் கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடினேன். டப், டப், டப். மேசைக்கு முன்னால் அந்தச் சத்தம் கொஞ்சமும் மாறவில்லை. வெளியே வீதிச் சத்தத்தோடு கலக்கும்வரை இருவரும் கேட்டுக்கொண்டு நின்றோம். பிறகு அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "அடுத்த ஆளைக் கூப்பிடு கனகா," என்றார்.

டொக்டர் ரணவீர காலமாகிக் கனகாலம். கடைசிவரை நான் கனகாதான்.

எனக்கு இப்போது தடியை எடுத்துவிட்டார்கள். வலது கால் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. இந்த வயதில் எலும்பு மெல்லத்தான் பொருந்தும் என்று அந்தச் சின்ன டொக்டர் சொன்னார். பின்னேரங்களில் காலி வீதி என்ற பெருந்தெருவில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை வரை போய் வருகிறேன். முன்பு மணல் மூட்டை அடுக்கிச் செக் பொயின்ட் போட்டிருந்த சந்தியை நொண்டிக்கொண்டே கடக்கிறேன். ஒருவரும் என்னை நிறுத்தவில்லை.